இடுப்பெலும்பைத் தமிழில் படிக்க வைத்த அமெரிக்க மருத்துவர்: யார் இந்த சாமுவேல் கிறீன்?

டத்தோ கிராமாட்டில் உங்கள் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் பினாங்கு பொது மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் மலாயும் ஆங்கிலமும் கலந்து விளக்குகிறார். அவர் என்ன சொல்கிறார் என்று பாட்டி உங்களிடம் கேட்கிறார். பெரும்பாலும் நீங்கள் ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள்: இடுப்பு எலும்பு உடைஞ்சிருச்சு.

ஆனால் டாக்டர் சொன்னது எந்த எலும்பு? பாட்டிக்கு அறுவை சிகிச்சை தேவையா, இல்லையா என்பதே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது. மருத்துவம் ஒரு மொழியில், நோயாளி இன்னொரு மொழியில், நடுவில் நீங்கள். இந்த இடைவெளியை மூடுவதற்காகவே தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு மனிதர் 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவர் தமிழர் இல்லை, அமெரிக்கர். பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

இன்று உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் கையில் வைத்திருக்கும் 'கிரேஸ் அனாட்டமி' என்ற உடற்கூற்று நூல், 1872-லேயே தமிழில் அச்சாகி வெளிவந்தது என்றால் நம்புவீர்களா? அதற்குக் காரணம் இவர்தான்.

முதலில், இடுப்பு என்றால் எந்த எலும்பு?

கிறீனின் வேலை எவ்வளவு கடினமானது என்று புரிய, முதலில் உங்கள் உடம்பையே கொஞ்சம் பாருங்கள்.

இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றுங்கள். கைக்குத் தட்டுப்படும் அந்த விளிம்பு, இடுப்பெலும்பின் மேல் ஓரம். பேச்சுத் தமிழில் சேலை கட்டும் இடமும் இடுப்புதான், குழந்தையைத் தூக்கி வைக்கும் இடமும் இடுப்புதான், ஊசி போடும் இடமும் இடுப்புதான். உடற்கூற்றியலில் இவை எல்லாம் வேறு வேறு.

இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு இடுப்பெலும்புகள் உண்டு. பின்புறம் அவற்றுக்கு இடையில் சேக்ரம் என்ற முக்கோண எலும்பு ஆப்பு போலச் செருகியிருக்கிறது. அதன் கீழே சின்னதாக வால் எலும்பு. முன்புறம் இரண்டு இடுப்பெலும்புகளும் ஒரு குருத்தெலும்பால் இணைகின்றன. எல்லாம் சேர்ந்தால் ஒரு வளையம். ஆங்கிலத்திலும் மலாயிலும் 'பெல்விஸ்' என்று சொல்வது இந்த வளையத்தைத்தான்.

ஒவ்வொரு இடுப்பெலும்பும் பிறக்கும்போது ஒரே எலும்பாக இருப்பதில்லை. மேலே விசிறி போல் விரிந்திருப்பது இலியம். கீழே, நாற்காலியில் உட்காரும்போது உங்கள் எடையைத் தாங்குவது இஸ்கியம். முன்னால் இருப்பது பியூபிஸ். இந்த மூன்றும் ஒரு கிண்ணம் போன்ற குழியில் சந்தித்து, பதின்ம வயதில் ஒன்றாக இணைகின்றன. தொடை எலும்பின் உருண்டைத் தலை அந்தக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதுதான் இடுப்பு மூட்டு.

முதியவர்கள் வழுக்கி விழும்போது பெரும்பாலும் உடைவது வளையம் அல்ல, தொடை எலும்பின் மேல்முனை. அதற்கு வழக்கமாக அறுவை சிகிச்சை தேவைப்படும். வளையத்தின் முன்பக்கத்தில் சிறு முறிவு என்றால், பல சமயம் வலி மருந்தும் மெதுவான நடைப்பயிற்சியும் போதும். பெரிய சாலை விபத்தில் வளையமே பிளந்தால், உள்ளே ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்து. மூன்றுக்கும் நாம் வீட்டில் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்.

இன்னொரு சுவையான விஷயம். இந்த எலும்பின் பழைய லத்தீன் பெயருக்கு 'பெயரில்லாத எலும்பு' என்று பொருள். மேற்கத்திய மருத்துவமே நீண்ட காலம் இதற்குச் சரியான பெயர் வைக்காமல்தான் வைத்திருந்தது. இதையும் சேர்த்து உடம்பின் ஒவ்வொரு எலும்பையும் தசையையும் தமிழில் எழுதியாக வேண்டும் என்ற நிலையில்தான் கிறீன் நின்றார்.

மாசசூசெட்ஸிலிருந்து மானிப்பாய்க்கு

கிறீன் பிறந்தது 1822 அக்டோபரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில். பெரிய குடும்பம். அண்ணன்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீனை நியூயார்க் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அந்த நகரத்தின் சென்ட்ரல் பார்க் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

தம்பி சாமுவேல் வேறு பாதையில் போனார். நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845-இல் பட்டம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில் அமெரிக்க மிஷன் சார்பாகக் கப்பலேறி, 1847-இல் இலங்கை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25 கூட நிரம்பவில்லை, அல்லது அப்போதுதான் நிரம்பியிருந்தது. இன்று ஹவுஸ்மேன்ஷிப் செய்யும் உங்கள் அண்ணன், அக்கா வயதுதான்.

யாழ்ப்பாணம் அந்த மிஷனுக்குப் புதிய இடம் அல்ல. 1816 முதலே அமெரிக்கர்கள் அங்கே பள்ளிகள் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஜான் ஸ்கடர் என்ற மருத்துவர் 1819-இல் வந்து சிகிச்சை அளித்திருந்தார். 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி அன்றைய ஆசியாவின் குறிப்பிடத்தக்க கல்விக்கூடங்களில் ஒன்று. கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். பிறகு 1848-இல் மானிப்பாய்க்கு மாறினார். அவர் பெயரோடு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் அதுதான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கிறீன் வந்தது மருத்துவத்துக்காக மட்டும் அல்ல, மதம் பரப்பவும்தான். அவரும் அதை ஒருபோதும் ஒளித்ததில்லை. ஆனால் கிறிஸ்தவரான தமிழர்கள் ஐரோப்பியர் போல் உடுத்துவதையும் பெயரை மாற்றிக்கொள்வதையும் அவர் விரும்பவில்லை. மதம் மாறினாலும் தமிழர் தமிழராகவே இருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. மொழி விஷயத்தில் பின்னால் அவர் எடுத்த முடிவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

ஏன் ஆங்கிலத்தை விட்டார்?

மானிப்பாயில் நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஒரே ஒரு மருத்துவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவிப்பதுதான் வழி என்று கிறீன் முடிவு செய்தார். வந்து சேர்ந்த மறு ஆண்டிலேயே ஒரு சிறு மருத்துவ வகுப்பைத் தொடங்கிவிட்டார். தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, ஆசிரியரின் தாய்மொழி ஆங்கிலம், மாணவர்களும் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்கள்.

படிப்பு நன்றாகவே நடந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்களுக்கு அரசாங்க வேலை காத்திருந்தது. நல்ல சம்பளம், மரியாதை. படித்து முடித்தவர்கள் இலங்கையின் மற்ற பகுதிகளுக்குப் போய்விட்டார்கள். கிறீன் யாருக்காக அவர்களைத் தயார் செய்தாரோ, அந்தக் கிராமத்து நோயாளிகளுக்கு மருத்துவர் கிடைக்கவில்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. ஆங்கிலம் கற்றவர் ஊரை விட்டுப் போவது பிற்காலத்தில் யாழ்ப்பாணத்தின் கதையாகவே ஆனது. மலாயாவுக்கு ரயில்வே ஊழியர்களாகவும் எழுத்தர்களாகவும் மருத்துவமனைப் பணியாளர்களாகவும் வந்த இலங்கைத் தமிழர்கள் பலருக்கு அந்த மிஷன் பள்ளி ஆங்கிலம்தான் கைகொடுத்தது. உங்கள் நண்பர்களில் சிலருடைய கொள்ளுத் தாத்தா அப்படி வந்தவராக இருக்கலாம்.

கிறீனோ இதிலிருந்து வேறொரு பாடம் கற்றுக்கொண்டார். தமிழில் மருத்துவம் படித்தவர் தமிழ் பேசும் ஊரில் தங்குவார், நோயாளியின் மொழியிலேயே நோயை விளக்குவார் என்பது அவர் கணக்கு. உடல்நலம் குன்றி 1857-இல் அமெரிக்கா திரும்பியவர், 1862-இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்பவரை மணந்துகொண்டு, அதே ஆண்டு மானிப்பாய்க்கு மீண்டும் வந்தார். இந்த இரண்டாவது காலகட்டத்தில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். இரண்டு காலகட்டத்திலும் சேர்த்து 60-க்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் மருத்துவம் படித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் தமிழில்.

புத்தகமே இல்லாமல் எப்படிப் பாடம்?

தமிழில் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்வது சுலபம். மாணவன் கையில் கொடுக்கப் புத்தகம் வேண்டுமே? கிறீன் இதை முன்பே யோசித்திருந்தார். 1850-களிலேயே கால்வின் கட்டர் என்பவரின் உடலியல் நூல் 'அங்காதிபாதம்' என்று தொடங்கும் தலைப்போடு தமிழில் வந்துவிட்டது. அடுத்து வந்த நூல் மகப்பேறு பற்றியது.

மகப்பேறு ஏன் அவ்வளவு முக்கியம்? குழந்தை வெளியே வரும் வழியே இந்த இடுப்பு வளையம்தான். வளையம் குறுகலாக இருந்தாலோ குழந்தையின் தலை தவறான கோணத்தில் இறங்கினாலோ பிரசவம் பாதியில் நின்றுவிடும். சிசேரியன் பாதுகாப்பானதாக ஆகாத காலம் அது. எந்தெந்த எலும்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு இடம் இருக்கிறது என்று விரலால் தொட்டே கணிக்கத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர்ப் பிரச்சினை. மான்செல் எழுதிய மகப்பேற்று நூல் 1857-இல் தமிழில் வந்தது.

பிறகு அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்', 1867-இல். வேதியியலுக்கு 'கெமிஸ்தம்', 1875-இல். எல்லாவற்றிலும் பெரிய சவால் 'மனுஷ அங்காதிபாதம்', அதாவது கிரேயின் உடற்கூற்று நூல். 1872-இல் வந்த அந்தத் தமிழ்ப் பதிப்பு 800 பக்கங்களுக்கும் மேல்.

மூல நூல் லண்டனில் வெளிவந்தது 1858-இல். எழுதியவர் ஹென்றி கிரே. மூன்றே ஆண்டுகளில் பெரியம்மை வந்து 34 வயதில் இறந்துபோனார். படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். புத்தகம் வந்த அதே ஆண்டு அவர் இந்தியாவுக்கு வந்து, பம்பாயின் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார். அவர் படங்களின் சிறப்பு என்னவென்றால், பெயர்கள் ஓரத்தில் இருக்காது, அந்தந்த உறுப்பின் மேலேயே எழுதியிருக்கும். இடுப்பெலும்பின் படத்தைப் பார்த்தால் ஒரு நாட்டின் வரைபடம் மாதிரி இருக்கும். இந்த இடத்தில் இந்தத் தசை தொடங்குகிறது, இந்த இடத்தில் இந்தத் தசை ஒட்டுகிறது என்று எல்லை போட்டுக் காட்டியிருப்பார்.

அப்படிப்பட்ட ஒரு பக்கத்தைத் தமிழாக்குவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தசைக்கும் குறைந்தது மூன்று தகவல் வேண்டும்: எங்கே தொடங்குகிறது, எங்கே போய் ஒட்டுகிறது, சுருங்கினால் என்ன செய்கிறது.

சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

பிட்டத்தின் பெரிய தசை இலியத்தின் பின்பகுதியிலும் சேக்ரத்திலும் தொடங்கித் தொடை எலும்புக்கும், தொடையின் வெளிப்பக்கப் பட்டைக்கும் போகிறது. பினாங்குக் கொடிமலைப் படிகளில் ஏறும்போது உங்களை மேலே தள்ளுவது இதுதான்.

அதற்கு அடியில் இருக்கும் நடுத்தரத் தசை இலியத்தின் வெளிப்பக்கத்திலிருந்து தொடை எலும்பின் மேல் முனைக்குப் போகிறது. நடக்கும்போது ஒரு காலைத் தூக்குகிறீர்கள் அல்லவா? அப்போது இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் பிடித்துக்கொள்வது, தரையில் ஊன்றிய காலின் பக்கம் உள்ள இந்தத் தசை. இது பலவீனமானால் நடை தள்ளாடும்.

தொடையின் பின்பக்கத் தசைகள் உட்காரும் எலும்பான இஸ்கியத்தில் தொடங்குகின்றன. பூப்பந்து ஆடும்போது பின்தொடையில் சுருக்கென்று பிடிப்பது இங்கேதான். இரண்டு தொடைகளையும் சேர்த்துப் பிடிக்கும் தசைகள் முன்னால் பியூபிஸில் தொடங்குகின்றன.

கடைசியாக, கண்ணுக்கே தெரியாத ஒரு தசை. பியூபிஸின் உட்பக்கத்திலிருந்து வால் எலும்பு வரை, வளையத்தின் அடியில் தூளி கட்டியது போல் அது தொங்குகிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, குடல் எல்லாவற்றையும் கீழிருந்து தாங்குவது இந்த இடுப்புத்தளம். பிரசவத்துக்குப் பிறகு இருமினாலோ சிரித்தாலோ சிறுநீர் கசியும் பெண்கள் ஏராளம். காரணம் பெரும்பாலும் இந்தத் தசையின் தளர்ச்சி. பயிற்சியால் பலருக்குச் சரிசெய்யவும் முடியும். ஆனால் வீட்டில் யாரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. வெட்கம் ஒரு காரணம். சொல்வதற்கு வார்த்தையே இல்லாதது இன்னொரு காரணம்.

கிறீன் வைத்த விதி

வார்த்தை இல்லாத இடத்தில் என்ன செய்வது? கிறீன் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடு. கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடு. அங்கேயும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. 'கெமிஸ்தம்' என்ற தலைப்பைப் பார்த்தாலே மூன்றாவது வழி புரியும்: கெமிஸ்ட்ரிக்குத் தமிழ் வால் ஒட்டியிருக்கிறார். அவர் மொழித் தூய்மை பேசியவர் அல்ல. மாணவனுக்குப் புரிய வேண்டும், சொன்ன சொல் எல்லாப் பக்கத்திலும் ஒரே பொருளில் வர வேண்டும், அவ்வளவுதான்.

இதை அவர் தனியாகவும் செய்யவில்லை. அவரிடம் படித்த தமிழ் மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள், அவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். கலைச்சொல் பட்டியல்களும் தனியாக அச்சாயின. எல்லா நூல்களையும் சேர்த்தால் 4000 பக்கங்களுக்கும் மேல் வரும். தட்டச்சு இயந்திரம்கூடப் பரவலாக வராத காலத்தில், எல்லாம் கையெழுத்தில்.

பிறகு ஏன் நின்றுபோனது?

1873-இல் கிறீன் குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். வேலை மட்டும் நிற்கவில்லை. வூஸ்டர் வீட்டில் உட்கார்ந்தபடியே தமிழ்ப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். உடலியல் நூலான 'மனுஷ சுகரணம்' 1883-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1884 மே 28 அன்று, 61 வயதில் காலமானார். தன் கல்லறைக் கல்லில் தமிழர்களுக்குப் பணி செய்த மருத்துவர் என்ற அடையாளம் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அப்படியே பொறித்தார்கள்.

மானிப்பாயின் தமிழ் மருத்துவ வகுப்போ அவருக்குப் பின் நீடிக்கவில்லை. கொழும்பில் 1870-இல் மருத்துவப் பள்ளி திறந்தாயிற்று. அங்கே பாடம் ஆங்கிலத்தில். அரசு அங்கீகாரமும் வேலையும் எங்கே இருந்தனவோ, மாணவர்களும் அங்கேதான் போனார்கள். கிறீனின் நூல்கள் தோற்றதற்குக் காரணம் தமிழால் முடியாதது அல்ல. தமிழில் 800 பக்க உடற்கூற்று நூல் எழுத முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. அதைப் படித்தவருக்கு வேலை இல்லை என்பதுதான் சிக்கல்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

தமிழ்ப்பள்ளியில் படித்திருந்தால், அறிவியலைத் தமிழில் படித்திருப்பீர்கள், அல்லது 2003-க்குப் பிறகு சில ஆண்டுகள் ஆங்கிலத்தில். எலும்புக்கூடு, தசை, மூட்டு என்ற சொற்கள் தெரியும். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மொழி மாறிவிடுகிறது. அதனால் நம்மில் பலருக்கு உடம்பைப் பற்றிய தமிழ் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும். உங்கள் பாட்டிக்கோ தமிழ் மட்டும்தான்.

மருத்துவத்தையே தமிழுக்கு மாற்ற வேண்டும் என்று யாரும் இப்போது கேட்கவில்லை. கிறீனின் விதி மட்டும் நமக்கு இன்றும் பயன்படும். டாக்டர் 'ஹிப் ஃபிராக்சர்' என்றால், அது தொடை எலும்பின் மேல்முனையா, இடுப்பு வளையமா என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் எந்த இடம் என்று காட்டச் சொல்லுங்கள். பாட்டியிடம் சொல்லும்போது, தொடை எலும்போட தலைப்பகுதி உடைஞ்சிருக்கு, கிண்ணத்துல உட்காரும் இடம் என்று சொல்லிப் பாருங்கள். தமிழ்ச் சொல் வரவில்லையா? 'பெல்விஸ்' என்றே சொல்லி, கையால் தொட்டுக் காட்டுங்கள். கிறீனும் அதைத்தான் செய்தார். பிரசவத்துக்குப் பிறகு உங்கள் அக்கா இருமவே தயங்கினால், இடுப்புத்தளத் தசை என்று ஒன்று இருக்கிறது, அதற்குப் பயிற்சி இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்கலாம் என்று சொல்லுங்கள்.

மானிப்பாயில் கிறீன் பெயரில் நினைவு மருத்துவமனை ஒன்று இன்றும் இருக்கிறது. போர்க்காலத்தில் பெரிதும் பாதிக்கப்பட்டு, மெல்ல மீண்டுவரும் இடம் அது. பினாங்கிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வாய்ப்புக் கிடைத்தால், நல்லூர்க் கோயிலையும் யாழ் நூலகத்தையும் பார்த்துவிட்டு, மானிப்பாய்க்கும் ஒரு நடை போய் வாருங்கள். நகரத்திலிருந்து அதிக தூரம் இல்லை.